ஒரு ரகரம்

லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைத் திரைக்குப்
பாட்டு அடித்துத் தருவது நான்.
சனிக்கிழமை ராத்திரி, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு.
ஒரு பக்கத்துக்கு நான்கு வரி, பெரிய எழுத்து.
முன்வரிசையில் கண்புரைக்காரர்கள் இருக்கிறார்கள்.

காதில் மட்டும் வேறு பாட்டு ஓடும்.
டேனரி ரோடு ஆட்டோ ஒன்றில் தொற்றிக்கொண்டது,
படம் பேர் தெரியாது.
வராதவளை நினைத்து ஒருவன் பாடுகிறான்:

     நீ வராத வீட்டில் குடம் நிறைவதில்லை

எதைக் கேட்டாலும் ஜெபமாக்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு.
"அக்கா, அது சலவைத்தூள் விளம்பரம்" என்பான்
கீபோர்டு வாசிக்கும் ரூபன்.
சலவைத்தூள்தான், தெரியும்.
ஆனாலும் யாராவது கறை என்று பாடினால்
என் கை முந்தானையைத் தேடுகிறது.

காதல் பாட்டில் ஒரு சிக்கல்.
அதில் எல்லாரும் நீ.
ஆண்டவரை நாங்கள் நீர் என்போம்.
அவன் உன்னை என்று உருகும்போது
உம்மை என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டே வருவேன்,
இரவல் ரவிக்கையைப் பிரித்துத் தைப்பதுபோல.
உன்னை, உம்மை: தாளத்தில் உட்காரும்.
உனக்கு, உமக்கு: அதுவும்.
நீ மட்டும் நீர் ஆகையில்
ஒரு ரகரம் துருத்திக்கொண்டு நிற்கும்.
நாக்கு நுனி ஒருமுறை மேலே போய்வர வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை
காவேரித் தண்ணி வந்து பதினோரு நாள்.
போர்வெல் காற்றை இருமியது.
டேங்கர்காரன் ஃபோன் எடுக்கவில்லை.
தெருக்கோடிக் குழாய்க்கு உச்சிவெயிலில் போனேன்.
காலையில் போனால் கேட்பார்கள்,
வீட்டுக்காரர் எங்கே, ஆளையே காணோமே என்று.
மூன்று வருஷமாக ஒரே பதில்: ஓசூரில் வேலை.
ஆரஞ்சுக் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.
ஒரு சத்தம் போட்டது, நின்றது.

ராத்திரி கை தானாக அடித்திருக்கிறது.
மறுநாள் ஆராதனையில், இரண்டாம் பாட்டு,
மூன்றாம் சரணம் வரவேண்டிய இடத்தில்,
திரை முழுக்க:

     நீர் வராத வீட்டில் குடம் நிறைவதில்லை

மடிக்கணினியை மூட நீட்டிய கை
பாதியில் நின்றது.
சபை பாடிவிட்டது.
ரூபன் என்னைப் பார்த்தான், விரலை நிறுத்தவில்லை.
தேவவரம் ஐயா தொடையில் தட்டித் தட்டிப் பாடினார்.
மர்ஃபி டவுன் சகோதரிகள் அதையே திரும்ப எடுத்தார்கள்.
ரகரம் யாருக்கும் இடறவில்லை.
பின்வரிசையில் அஞ்சலின் இரண்டு கையையும் உயர்த்தியிருந்தாள்.
அவள் வீட்டிலும் பதினோரு நாள்.
கூப்பிட்டது டேங்கரையா, அவரையா?
அவளுக்கே தெரியுமோ என்னவோ.

வாசலில் ஐயா கேட்டார்:
"புதுப் பாட்டாம்மா? யார் எழுதினது?"
"தெரியலைங்கய்யா."
பொய் இல்லை.
ரூபன் பைக்கை உதைத்தபடி சொன்னான்:
"அதுக்கு அடுத்த வரி முத்தம் பத்தி. தப்பிச்சோம்க்கா."

அடுத்த வரி எனக்குத் தெரியும்.
அதையும் ஒரு சனிக்கிழமை திருத்திவைத்திருக்கிறேன்,
யாருக்கும் காட்டியதில்லை.

யோசித்துப் பார்த்தால்
நீ என்று கூப்பிட எனக்கு யாரும் வாய்க்கவில்லை.
அப்பா நீங்க. போனவரும் நீங்க,
போகும்போதும் நீங்க,
"எப்ப வருவீங்க" என்றுதான் கேட்டேன்.
மேலே இருப்பவர் நீர்.

விளக்கை அணைத்தபின்
அந்த வரியைத் திருத்தாமல் பாடிப் பார்த்தேன்.
படுக்கப் போகிறவள்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பதுபோல
ரகரத்தைக் கழற்றி வைத்துவிட்டு,
நீ என்றேன்.
முகம் சுட்டது. இன்னொரு முறை சொன்னேன்.

ரெண்டேமுக்கால் மணிக்குக்
குழாயில் காற்று புறப்படும் சத்தம்.
தண்ணி வருமுன் அப்படித்தான் கேட்கும்.
வராத ராத்திரிகளிலும் அப்படித்தான் கேட்டது.
குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.