இருபத்தொரு லிட்டர்

காரைக்குடிக் கடைப் பையன் முதலில் கேட்டது,
"வீடு எத்தனை சதுர அடிங்கக்கா?"
சொன்னேன்.
பேனாவை மூடிக்கொண்டு
"அப்ப மண்டபத்துக்கா?" என்றான்.

வீட்டுக்குத்தான் தம்பி.
பள்ளத்தூரில் ஒரு தெருவில் முகப்பு,
அடுத்த தெருவில் பின்வாசல்,
நடுவில் நானும் என் இளைப்பும்.
ஏழு புள்ளி, பதினான்கு அறை, பதின்மூன்று பூட்டு.
பஞ்சவர்ணம் முகப்பில் விளக்குமாறு எடுத்தால்
அடுப்படி போய்ச் சேர்வதற்குள்
முகப்பில் மறுபடி புழுதி வந்து
சம்மணம் போட்டிருக்கும்.

பங்காளிகள் குழுவில் போட்டேன்:
வாக்குவம் கிளீனர் வாங்கலாமா?

டல்லாஸ் மீனாள்: ஹெப்பா ஃபில்டர் இல்லாததைத் தொடாதே.
கோயம்புத்தூர் அடைக்கம்மை: வயர் இல்லாதது நல்லது,
எங்கள் ஃபிளாட்டில் பத்தே நிமிடம்.
(அவள் ஃபிளாட் எங்கள் பட்டாலைக்குள்
இரண்டு முறை அடங்கும்.)
சென்னை வயிரவன்: ஒரு கட்டைவிரல்.
அது சம்மதமா,
பஸ்ஸில் கை பட்டதா, தெரியவில்லை.
தேவகோட்டை வக்கீல் நாச்சியப்பன் மட்டும்
எந்த மாடல் என்று கேட்கவில்லை.
"செலவு எந்தக் கணக்கில்?"

பினாங்கு சோலையப்பன் பேசவே இல்லை.
கல்யாணத்துக்கு வந்தவர் கையில்
தன் பழைய ரோபோவைக் கொடுத்தனுப்பிவிட்டான்.

வளவில் இறக்கிவிட்டோம்.
வட்டமாய், ஆமை போல, நம்பிக்கையோடு புறப்பட்டது.
ஆத்தங்குடித் தரையில் முதல் பூ வந்தது.
பூவின் கறுப்பு இதழைப் பள்ளம் என்று எண்ணிப்
பின்வாங்கியது.
திரும்பினால் இன்னொரு பூ.
நான்கு பூக்களுக்கு நடுவே மஞ்சளில் நின்றபடி
மலாயில் ஏதோ கெஞ்சியது.
பஞ்சவர்ணம் தூக்கி, மல்லாத்தி,
அதன் வயிற்றைத் துடைத்தாள்.
"பாவம், இதுக்குக் கறுப்புன்னா ஆகாது போல."

சனிக்கிழமை பையன் மொபெட்டில்
மூன்று மெஷினைக் கட்டிக்கொண்டு வந்தான்.
பதினைந்து ஆம்பியர் பிளக் வீட்டில் ஒன்றே ஒன்று,
அதுவும் அடுப்படியில்.
வயர் ஐந்து மீட்டர்.
கட்டுத்தறி மாடு மாதிரி
எட்டிய மட்டும் மேய்ந்துவிட்டு நின்றது மெஷின்.
வயரில்லாததோ
இரண்டாம் கட்டு வாசலில் மூச்சை விட்டது.
நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜாதி என்று
நினைத்துக்கொண்டேன்.

பையன் வாட் சொன்னான், உறிஞ்சு விசை சொன்னான்.
பஞ்சவர்ணம் சந்தையில் பூசணி பார்ப்பவளாக
ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கி இறக்கினாள்.
பிறகு கேட்டாள்:
"சக்கரம் நிலைப்படி ஏறுமா?"

பையன் விழித்தான்.
மூன்று நாட்டிலிருந்து வந்த நாற்பத்தாறு செய்தியில்
இந்தக் கேள்வி இல்லை.

ஏறியது ஒன்றுதான்.
இருபத்தொரு லிட்டர், அரிசி டிரம் மாதிரி உடம்பு,
பெரிய பின்சக்கரம், அழகு கிடையாது.
ஆறாயிரத்து முந்நூறு.
ஏழில் ஒரு பங்குக்குத் தொள்ளாயிரம்.
எண்பத்து நாலில் ஒன்று வைத்திருக்கும் சிங்காரத்துக்கு
எழுபத்தைந்து ரூபாய்.
அவன்தான் முதலில் அனுப்பினான்.
பந்தல் லைட் கருப்பையாவிடம்
முப்பது மீட்டர் வயர் உருளையோடு வாங்கினேன்,
அது என் சொந்தக் கணக்கு.

போட்டதும் மாடிப் புறாக்கள் மொத்தமாய்க் கிளம்பின.
பஞ்சவர்ணம் காதில் முந்தானையைச் செருகிக்கொண்டு
என்னவோ கத்தினாள், சிரித்தபடி.

பூட்டிய அறைகளுக்குள் போக முடியாது.
ஒல்லி மூக்கை மாட்டிக்
கதவடி இடுக்குகளில் வைத்தோம்.
வயிரவன் அறையிலிருந்து அந்துருண்டை வாடை,
ஒரு செத்த குளவி.
மீனாள் அறையிலிருந்து சம்கி, சம்கியாய்.
எந்தக் கல்யாணத்துச் சேலையோ
உள்ளே தானாக உதிர்ந்துகொண்டிருக்கிறது.
நாச்சியப்பன் கதவு மட்டும்
பஞ்சவர்ணம் கால் ஊன்றி இழுக்கும்வரை
மூக்கை விடவில்லை.

சாயங்காலம் பின்வாசலில் பையைப் பிரித்தோம்.
ஒரே சாம்பல் நிறம்,
கம்பளி போல ஒன்றோடொன்று பின்னி.

நாச்சியப்பன் பில்லைக் கேட்டிருந்தார்.
பில்லோடு அந்தப் பையையும் படமெடுத்துப் போட்டேன்:
இதை எப்படிப் பிரிப்பது?

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
இரவு பத்தரைக்கு வயிரவன்,
ஒரு கட்டைவிரல்.