இலகுவேலை

நவம்பர் கடைசி வாரம்.
ஈசூன் புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் சீருடைக் கடைக்கு
ஒரே பள்ளியின் பச்சைப் பாவாடை மட்டும்
இருநூற்றுப் பதினான்கு வந்து இறங்கிய மாலை
வேலை கேட்டு நின்றாள் லோஷினி.

வயது?
பதினைந்து என்றாள்.
அடையாள அட்டையைக் காட்டு என்றேன்.
பதினான்கு என்றாள்.
பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றேன்.
கைப்பேசியில் அதன் படம் இருந்தது:
பதின்மூன்றும் ஐந்து வாரமும்.

கடை மூடும் நேரத்து மீன் விலைபோல
இறங்கி இறங்கி அவள் வயது நின்ற இடத்தில்
மயிரிழையில் தொடங்கியது சட்டம்.

மனிதவள அமைச்சின் தாள் ஒன்றை அச்செடுத்துக்
கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார் முதலாளி கோ.
நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.
மூன்று மணி நேரம் வேலை செய்தால்
அரை மணி நேரம் உட்கார வேண்டும்.
நாளுக்கு ஆறு மணி, அதோடு சரி.
இரவு பதினொன்றுக்கு மேல் கூடவே கூடாது.
"கடையை ஒன்பதுக்கே மூடிடுவீங்களேக்கா."
அப்புறம், இலகுவான வேலை மட்டும்.

இலகு என்றால் எதுவரை என்று தாளில் இல்லை.
பினஃபோர் மடிப்பது இலகு.
"ஒரு அளவு பெருசா வாங்குங்க ஆண்ட்டி" இலகு.
நீராவிப் பெட்டி இலகு இல்லை, தொடாதே.
ஏணி?
நான்காவது படிவரை என்று நானே ஒரு விதி போட்டேன்.
நாற்பதாம் அளவுப் பெட்டி ஐந்தாம் படிக்கு மேலே.
அது என் பாடு,
நரம்பு சுருண்டுகொண்ட என் இடது காலின் பாடு.

கடையில் இருப்பது ஒரே முக்காலி.
ஆறு வருடமாக அதன்மேல்
டேப் உருளைகள், ரசீதுப் புத்தகம், கோவின் தேநீர்ப் புட்டி.
எல்லாவற்றையும் தரையில் இறக்கினேன்.
பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தாள், சட்டப்படி.
கறிபஃப் தின்றாள். காலாட்டினாள்.
வரிசை கதவைத் தாண்டிப் போயிருந்தது.
நான் நின்றேன்,
அதுவும் சட்டப்படிதான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கேட்டாள்:
"எங்கம்மா சாங்கி பக்கம் செக்யூரிட்டிக்கா.
ராத்திரி ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம்.
அம்மாவோட தாளை எங்க ஒட்டியிருப்பாங்க?"

ஒரு பையனின் இடுப்பை அளந்துகொண்டிருந்தேன்.
இருபத்தாறு என்றேன் சத்தமாக,
காதில் விழாததுபோல.
இருபத்தெட்டு அது.
மறுநாள் அவன் அப்பா வந்து மாற்றிக்கொண்டு போனார்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கையில்
கோ அவளிடம் உறையைக் கொடுத்தார்.
அந்தப் பணத்தை நான் மனசுக்குள்
எப்போதோ செலவழித்து முடித்திருந்தேன்:
அம்மாவுக்குக் குதிகால் வலிக்காத சப்பாத்து,
மின்சாரக் கட்டணம்,
மிச்சத்துக்குக் கணக்குப் பயிற்சிப் புத்தகம்.

அவள் ரோலர் ஸ்கேட் வாங்கினாள்.
ஊதா நிறச் சக்கரம்.
கடை வாசலில் ஓட்டிக் காட்டினாள்,
தூணைப் பிடிக்கப் போய் விழுந்தாள்,
விழுந்த இடத்திலேயே சிரித்தாள்.

எனக்கு ஏமாற்றம்.
அன்றிரவு பேருந்தில்
ஏமாந்ததற்கு வெட்கம்.

இரண்டு நவம்பர் கழித்து மறுபடி வந்தாள்,
கேட்பதற்கு முன்பே அட்டையை நீட்டினாள்.
புகைப்படத்தில் பாதிக் கண் மூடியிருந்தது.
"இப்ப எட்டு மணி நேரமாக்கா?"
ஏழு, என்றேன்.
"ஒரே ஒரு மணிதான் வளர்ந்திருக்கேனா!"

சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினாள்.
நான்காம் படி தாண்டியது.
நாற்பதாம் அளவுப் பெட்டியை இறக்கி
என் கையில் தரும்வரை
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முக்காலியின் மேல்
டேப் உருளைகள், ரசீதுப் புத்தகம்,
கோவின் புதிய புட்டி.