அரைப்பேர்

ஏழாம் நம்பர் மலையில் வெள்ளைத் துணி கட்டி
ஆறு மணிக்கு விளக்கு ஏற்றுவேன்,
பத்துக்கு அணைப்பேன்.
பகல் கொழுந்து. இரவு இது.
பேராதனையிலிருந்து வந்த துஷாரி மிஸ்
கோடு போட்டுத் தந்த கொப்பியில்
இடப்பக்கம் எத்தனை வகை,
வலப்பக்கம் எத்தனை உயிர்.

தையில் பனி தேயிலையைக் கருக்கிய கிழமை
மூன்று வகை, ஐந்து உயிர்.
அதில் ஓர் அந்து
என் கம்பளியிலிருந்து பறந்தது.
அதையும் எழுதினேன்.

பங்குனிக் கடைசியில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்
மேற்கே போயின, நாள் முழுக்க.
சிவனொளிபாதத்துக்கு நேர்த்தி வைத்திருக்குதுகள்
என்றான் வோச்சர் செபமாலை.
கொப்பியில் பகலுக்குக் கட்டமில்லை.

சித்திரையில் முதல் இடி.
மறுநாள் துணியின் வெள்ளை தெரியவில்லை.
சாம்பல் மேல் சாம்பல் பூசியவை,
அரிசிக் குறுணையளவு பச்சைத் தத்திகள்,
தலைகீழாக விழுந்து
பம்பரம் சுற்றும் வண்டுகள்.
நாற்பத்தொரு வகை.
விளக்கு அணைத்தும் டோர்ச் பிடித்து
எண்ணி முடிக்க ஒன்றரை மணி.
பேர் தெரியாதவைக்கு நம்பர் போடச் சொல்லியிருந்தார் மிஸ்.
பதினேழு: தவிட்டு நிறம்,
சீப்புப் போல் மீசை,
இறகில் சுண்ணாம்பு விரல் பட்ட தடம்.

ஆனி, ஆடி
மழை சரிந்தே பெய்தது.
துணி நனைந்து கம்போடு ஒட்டிக்கொண்டது.
வெறும் கட்டத்தில் கோடு கிழித்திருந்தேன்.
சைபர் போடு என்றார் மிஸ்.
வராதது வேறு,
நீ பார்க்காதது வேறு.

பதினொரு சைபர் போட்டேன்.

அந்த மாதம் கொழுந்தும் இல்லை.
விடியலில் இருந்து மலையில் நின்றும்
தராசில் இரண்டு கிலோ குறைந்தது.
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல்
அரைப்பேர் என்று எழுதினார்.
காலில் அட்டை கடித்த இடத்தில்
இரத்தம் மட்டும் முழுசாக வந்தது.

ஐப்பசியில் ஈசல்.
லயத்துப் பிள்ளைகள் வாளியோடு ஓடினார்கள்.
வலப்பக்கத்தில் 'கணக்கில்லை' என்று எழுதினேன்.
மிஸ் ஏசுவார், தெரியும்.

அவை உதிர்ந்து ஓய்ந்த பிறகு
துணியின் கீழ் ஓரத்தில்
பதினேழு.
ஒரு பக்க இறகு பாதிக்கு மேல் இல்லை.
பல்லியோ, காற்றோ.
சுண்ணாம்புத் தடத்தில் கால்வாசி மிச்சம்.
ஏறியது, சறுக்கியது,
திரும்ப ஏறியது.

ஒன்று என்று எழுதினேன்.
முழு ஒன்று.

அன்று விளக்கைப் பத்தேகாலுக்குத்தான் அணைத்தேன்.