பின்வண்டி

கணபதியில், மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்கு மேலே
எங்கள் அறை.
பகலெல்லாம் பம்ப்செட் கம்பெனிக்கு
ஜி.எஸ்.டி. பில் போடும் மென்பொருளைத் தட்டிக் கொட்டுவேன்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
ரேக்ளா.

வெள்ளியங்கிரி வரைந்த காளைகள்:
மயிலை, காரி, செவலை, பிள்ளை.
திமில் குலுங்கவே பன்னிரண்டு படம்.
ஆனைமலைப் பக்கம் ஒரு பந்தயத்தில்
செல்போனைப் புழுதிக்குள் நீட்டிப் பிடித்து
எந்தக் குளம்பு எப்போது தரை தொடுகிறதென்று
எண்ணிக்கொண்டு வந்தவன்.
அவன் காளை, எங்கள் திரையில்,
நூற்றைம்பதாவது மீட்டரில் நின்றது.
முன்னங்கால் தூக்கியபடி,
வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல.
பிறகு ஓடியது.

நாங்கள் எழுதிய மொழி அப்படி.
வரிவரியாய்ப் படித்துப் படித்துத்தான் செய்யும்,
நடுவில் குப்பை பொறுக்கக் குனியும்.
ஒரு படத்துக்குக் கெடு பதினாறு மில்லிசெகண்ட்;
குனிந்து நிமிர அதற்கு நாற்பது.
"மாட்டுக்கு விக்கலுங்க" என்றாள் ஜெனிபர்,
போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி
ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வருபவள்.

எதிரே பவுண்டரி.
உருக்கி ஊற்றி, மணலை உடைத்து எடுத்தபின்
பம்ப் தன் அச்சைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
எந்தத் தோட்டத்துக் கிணற்றிலோ இறங்கி
தண்ணீரை மட்டும் பார்க்கிறது.
அப்படி ஒரு மொழி வேண்டும் என்றேன்.
செய்யலாமே என்று யார் சொன்னது?
நான்தான். டீ ஆறிப்போயிருந்தது.

பதினான்கு மாதம்.
சொல்லைச் சொல்லாக வெட்ட இரண்டு வாரம்.
வெட்டியதை மரமாக்க, வேர் மேலே, இலை கீழே,
ஒரு ஆடி, ஒரு ஆவணி.
கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பதை
எந்திரத்துக்கு ஒப்புக்கொள்ள வைக்கப்
புரட்டாசி முழுக்கப் போனது.
குப்பை பொறுக்க ஆள் கிடையாது;
சந்தை கலைந்த திடல்போல
ஒவ்வொரு படம் முடிந்ததும் நினைவகம் மொத்தமாய்க் காலி.
கடையாணி என்று பேர் வைத்தோம்.

பிழைச்செய்திகளை வெள்ளியங்கிரி எழுதினான்.
"ஏனுங், பதினேழாம் வரீல அடைப்பு தொறந்தே கெடக்குதுங்."
"இந்த வண்டிய மேலயே குடுத்துப்போட்டீங்க,
இப்ப மறுக்கா ஓட்டறீங்களே, ஞாயமுங்களா?"
ஜெனிபர் வேண்டுமென்றே தப்பு செய்து
அரைமணி நேரம் திட்டு வாங்கினாள்.

காளைகள் நிற்கவில்லை.
பட்டறையில் எல்லாரும் மேலே வந்து
தலைக்கு ஒரு தடவை ஓட்டினார்கள்.
அதோடு விட்டிருக்கலாம்.

வேகம் போதவில்லை என்று எனக்கு.
வேண்டாத வரியைக் கண்டுபிடித்துக் கழிக்கும்
ஒரு பகுதியைச் சேர்த்தேன்.
விதி எளிது: விடையை யாரும் கேட்காத கணக்கை
எதற்குப் போட வேண்டும்?
ஆட்டம் மும்மடங்கு வேகம்.
பின்வண்டி மட்டும் கிளம்பவில்லை.

மூன்று ராத்திரி எந்திரக் கட்டளைகளுக்குள்
விரல் வைத்துத் தேடினேன்.
அந்த வண்டியே அங்கே இல்லை.
காளை இல்லை, நுகம் இல்லை,
ஒரு கூட்டல்கூட இல்லை.
திரையில் ஜெயித்தவன் நேரத்தை மட்டும் எழுதியிருந்தேன்;
தோற்பவன் எத்தனை நொடியில் வந்தான் என்று
நிரலில் எங்கேயும் எவரும் கேட்கவில்லை.
கேட்காததைக் கழித்துவிட்டது.
பிழை இல்லை.
என் விதி சரியாக வேலை செய்திருந்தது,
அதைத்தான் இரண்டு பேரிடமும்
சொல்ல வாய் வரவில்லை.

விடிகாலை, கீழே ஷட்டர் தூக்கும் சத்தத்தில்
ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
பின்வண்டியின் நேரத்தையும் திரையில் எழுது.

ஓடியது. புழுதிக்குள், செவலை ஜோடி.
பதினேழு புள்ளி நாற்பத்திரண்டு.

"அதுவும் நல்ல ஓட்டந்தானுங்"
என்றான் வெள்ளியங்கிரி, பல் துலக்கிக்கொண்டே.

கோப்பு நான்கு கிலோபைட் பெருத்திருந்தது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.