பாலக்காரியின் பதிவேடு

பதிவேட்டின் முன்பக்கங்கள் அரசாங்கத்துக்கு:
படகின் பெயர், வந்த நேரம், போன திசை,
பாலம் எத்தனை நிமிடம் திறந்திருந்தது.
பின்பக்கங்கள் எனக்கு.
ஹார்லிங்கனில், கால்வாயின் ஓரம் மட்டும் உறைந்திருந்த
ஒரு ஜனவரிக் காலையில் பென்சிலால் எழுதினேன்:

படகு: வீட்ஸ்கே. கட்டிய வருஷம்: நாற்பத்தேழுக்கு முன்.
சரக்கு: வேண்டியதைவிட ஒன்பது கிலோ கூடுதல்.
திசை: தெரியவில்லை.

அதன் கீழே இரண்டு இலக்குகள்.
மே மாதத்துக்குள், நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டம்.
செப்டம்பரில், கடலை அடைத்துப் போட்ட நீளணைமேல்
சைக்கிளில் போய்த் திரும்ப வேண்டும்,
அறுபத்து நான்கு கிலோமீட்டர்,
இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குள்.
எழுதும்போது பென்சிலுக்கு மூச்சு வாங்கவில்லை.

முதல் ஓட்டம் தபால் பெட்டி வரை.
அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
கடிதம் போட வந்தவளைப் போல.
அடுத்த வாரம் மீன் கடை வரை.
அதற்கடுத்த வாரம் மீன் கடை திறந்திருந்தது,
அது தனிக் கதை.

பிப்ரவரியில் முழங்கால் பேசத் தொடங்கியது.
அதையும் குறித்துக்கொண்டேன்:
இடது. உள்பக்கம். படியிறங்கும்போது.
பத்தை அழித்து எட்டாக்கினேன்.
ரப்பர் துகளை ஊதிவிட்டு
கல்லாவில் கைவிட்டவளாய்ச் சுற்றிப் பார்த்தேன்.
பணி மாற வந்த ஹில்கெ சிரித்தான்:
"யாருக்குத் தெரியப்போகிறது?"
எனக்குத் தெரியுமே என்றேன்.

எங்கள் ஊரில் மேடே கிடையாது.
காற்றுதான் எங்கள் மலை.
எந்த வரைபடமும் அதற்கு உயரம் போடுவதில்லை.
நேற்று வடக்கே இருந்தது, இன்று தெற்கே இருக்கிறது,
ஏறி முடித்துவிட்டோம் என்று திரும்பினால்
சிலசமயம் அதுவும் கூடவே திரும்பிக்கொள்ளும்.

மே மாதம் எட்டு ஓடினேன்.
எட்டு என்றே எழுதினேன்.

செப்டம்பர் பதினான்கு. தென்மேற்குக் காற்று.
போகும் முப்பத்திரண்டு கிலோமீட்டரும்
யாரோ உள்ளேயிருந்து கதவை அழுத்திப் பிடிப்பதுபோல.
வலப்பக்கம் உப்பு நீர், இடப்பக்கம் நன்னீர் என்பார்கள்.
எனக்கு இரண்டு பக்கமும் வேர்வை.
அக்கரையில் காலை ஊன்றாமல் திரும்பினேன்:
ஒன்றரை மணி நேரம்.

பிறகு காற்று முதுகில் கை வைத்தது.
செம்மறியாடுகள் பின்னே ஓடின, மைல்கற்கள் பின்னே ஓடின,
மூன்று நிமிடம் கையிருப்பில் சேர்ந்தது.
இன்னும் ஐந்தே கிலோமீட்டர். கோர்ன்வெர்டர்சாண்ட்.
மணி அடித்தது. சிவப்பு விளக்கு. தடுப்புக்கம்பி இறங்கியது.
பாலம் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.

இருபத்திரண்டு வருஷமாக நிறுத்தியவள் நான்.
பள்ளிப் பிள்ளைகளை, ரொட்டி வண்டியை,
ஒருமுறை ஒரு கல்யாணக் காரை.
இன்று கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
பழுப்புப் பாய்மரம் ஒன்று அவசரமில்லாமல் வந்தது.
சுக்கான் பிடித்தவர் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.
பக்கத்தில் நின்ற பந்தய சைக்கிள்காரர்
பாலக்காரனின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்.
வாட்ச்சை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு.
எல்லோரும் அழுத்துகிறார்கள். என் விரலும் அதன்மேல்தான்.

மேலே கண்ணாடி அறையில் ஒரு நிழல்
குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தது.
படகின் பெயர், வந்த நேரம்.
விரலை எடுத்தேன். அந்தக் கையையே உயர்த்தி ஆட்டினேன்.
அவன் பார்க்கவில்லை.

இரவுப் பணியில் பின்பக்கத்தைத் திறந்தேன்.

படகு: வீட்ஸ்கே.
சரக்கு: நான்கு கிலோ கூடுதல், தராசோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.
நேரம்: இரண்டு மணி நாற்பத்து நான்கு.
பாலத்தில் காத்திருந்தது: ஏழு நிமிடம்.
கழிக்கவில்லை.

அடுத்த வருஷத்துக்கு ஓர் எண்ணை யோசித்து
முதல் இலக்கத்தைப் போடும்போது வயர்லெஸ் கரகரத்தது:
தெற்கிலிருந்து மணல் ஏற்றிய படகு, பத்து நிமிடத்தில்.
பென்சிலைக் காதில் செருகி எழுந்தேன்.
முழங்கால் ஏதோ சொன்னது.
இரு, வருகிறேன் என்றேன், இருவருக்கும்.