பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்

அக்கரைப்பற்றில், இஸ்ஸதீனின் போட்டோகொப்பிக் கடைக்கு மேல்
என் மேசை.
பக்கத்துக்கு அறுநூறு. முத்திரை குத்த நூறு.

கோமாரியிலிருந்து தவமலர் வந்திருந்தா,
ஒற்றைரூல் கொப்பியில் மூன்று பக்கத்தோடு.
சின்னத்தம்பி வெளிநாட்டில் அசைலம் அடித்திருக்கிறான்.
அவனுடைய வழக்கறிஞர் கேட்டாராம்
அக்கா எழுதியதை ஆங்கிலத்தில்.

அடித்திருக்கிறான்.
ஆணி அடிப்பதுபோல், லொத்தர் அடித்ததுபோல்.
அந்த ஊரில் அதை யாரும் அடிப்பதில்லை,
கேட்பார்கள், வரிசையில் நின்று, வருடக்கணக்காக.

முதல் பக்கத்தில் மழை.
"புளியமரத்துக்குக் கீழே ஒதுங்கினோம்."
ஷெல்டர் என்று போட்டேன்.
சரிதான். ஆனாலும் ஒதுங்குகிறவர்
வழியை விடுகிறார், கண்ணில் படாமல் குறுகுகிறார்,
பெண்கள் வேறொன்றுக்கும் ஒதுங்குவார்கள்.
ஷெல்டரில் அந்தக் கூச்சம் இல்லை.
கோமாரியில் ஷெல்டர் என்றால் தகரம்,
கடல் வந்த ஆண்டு நம்பர் எழுதிக் கொடுத்தது.
"அதுக்குள்ள பகல்ல இரிக்கேலா, அவிஞ்சி போவம்" என்றா.

இரண்டாம் பக்கம்:
"சுவாமியார் சேர்ச்சைத் திறந்து அடைக்கலம் தந்தார்."
ரெஃபியூஜ் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
ரியூப் லைட்டுக்கும் கூரைக்கும் இடையில்
வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தது அடைக்கலங்குருவி.
மூன்று மாதமாக நான் அந்த லைட்டைப் போடுவதில்லை.
அடைக்கலம் தந்தவரையும் அந்தச் சொல் கட்டிப்போடும்.
ரெஃபியூஜுக்குள் அந்தக் கயிற்றை
எந்தப் பக்கத்தால் நுழைப்பது?

அதே பக்கத்தில், கீழே, அகதி.
ஆங்கிலம் அவரை ரெஃபியூஜோடு சேர்த்தே கூப்பிடும்,
தலைக்கு மேல் ஏற்கெனவே கூரை வந்துவிட்டதுபோல.
நாங்கள் கதியில்லை என்பதையே
பெயராக வைத்துவிட்டோம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரேயொரு வரி.
"மூத்த தம்பி பவளேந்திரன் சரணடைந்தான்."

பேனையை வைத்தேன்.
கோயிலில் என்றால் சரண் காலைப் பிடிப்பது,
பிடித்தவனைக் கைவிடாதிருப்பது அந்தக் காலின் கடன்.
ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு கதவு.
ஒன்றால் போகிறவன் கையைத் தூக்கிக்கொண்டு போகிறான்.
மற்றதால் போனால், திறந்தவர் பதில் சொல்ல வேண்டும்.
"இதில எதைப் போட?" என்று கேட்டேன்.
"வெள்ளைச் சாரனைக் கிழிச்சிக் கம்புல கட்டிக்கொண்டுதான் போனான்.
பயந்துதான் போனான்..."
கொப்பியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தா.
"நம்பியும் போனான்."

தெற்கே, பாணமை தாண்டினால், குமணை.
பறவைகளுக்குச் சரணாலயம். போர்டு கூட உண்டு.
நாரைகள் வரும், திரும்பிப் போகும்.
வந்தது எத்தனை, போனது எத்தனை என்று
யாரோ ஒருவர் எண்ணி எழுதுவார்.

முதல் கதவைத்தான் போட்டேன்.
நீதிமன்றத்துக்கு அதுதான் விளங்கும்.
சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் வைத்து
பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில்:
மூலமொழியில் இச்சொல்
பாதுகாப்பை நம்பிப் போவதையும் குறிக்கும்.

ஆயிரத்து எண்ணூறை எண்ணி வைத்து,
முத்திரைக்கு நூறும் வைத்து,
"நட்சத்திரத்துக்கு எவ்வளவு?" என்றா.
அதற்குக் காசில்லை என்றேன்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.
வாசித்துப் பார்க்கவேணும் என்று எழும்பி
சுவிட்சைத் தேடிய கையை
எட்டிப் பிடித்தேன்.

"அதைப் போடாதீங்க.
ஜன்னலடிக்கு வாங்க."