நான்கு நிமிடம் பதினோரு விநாடி

பார்சல் ஒன்றுக்கு நாற்பது சென்ட் என்றார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.
கெமி நகரில், பிப்ரவரியில்,
கடல் இறுகி அதன்மேல் கார் ஓடும் நாளில்
மானம் பார்க்க முடியாது.
ஹீட்டர் பில்லைத்தான் பார்க்க முடியும்.

என் கடையைக் காலி செய்துகொண்டிருந்த அதே கம்பெனி
என் கடைக்குள்ளேயே வந்து இறங்கியது,
பழுப்பு அட்டைப் பெட்டிகளாக.
ஒண்ட வந்த பிடாரி
முதல் வாரமே தத்துவத்தை விரட்டியது.
அது இருந்த இடத்தில் நான்கு குளிர்கால டயர்கள்.
வரலாற்றின் தலையில் பனிக்கட்டி துளைக்கும் திருகு.
பன்னிரண்டு கிலோ நாய்த்தீனி
கவிதை அலமாரிக்கு முட்டுக்கொடுத்து நின்றது.
(அது எப்படியும் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.)

எல்லாரும் வந்தார்கள்.
இருபது வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்,
பூட்ஸை உதறி, அடையாள அட்டையை நீட்டி.
வெளியே மைனஸ் இருபத்தேழு, உள்ளே பத்தொன்பது.
வாசலிலேயே மூக்குக் கண்ணாடி பாலாடை போர்த்திக்கொள்ளும்.
கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டும்போது
கண் முதலில் எங்கே விழுகிறது என்று
ஒரு வாரம் குறித்துவைத்தேன்.
அங்கே ஒரு புத்தகம்,
அட்டை தெரிய,
ஒன்றே ஒன்று.

அப்புறம் மெதுவாகத் தேடக் கற்றுக்கொண்டேன்.
கைக்கெட்டும் பெட்டியை
கிடங்கில் போய்த் தேடுவது
பழகப் பழக வரும் கலை.

ஹில்க்கா வாங்கியது பனிச்சறுக்குக் கால்சட்டை.
போட்டுப் பார்க்க இடம் கேட்டாள்.
பின்பக்கம் ஒரு திரை கட்டினேன்.
ஒரு கொக்கி, ஒரு நிலைக்கண்ணாடி,
கண்ணுக்கு நேரே ஒரு பலகை.
பலகையில் மெலிந்தவை மட்டும்,
ஒற்றைக்காலில் நின்று படிக்கக்கூடியவை.
அரை மணி நேரம் திரை அசையவில்லை.
மயங்கி விழுந்துவிட்டாளோ என்று இருமினேன்.
"இன்னும் நாலு பக்கம்" என்றது திரை.
வெளியே வந்தபோது
ஒரு காலில்தான் கால்சட்டை,
மறுகாலில் கம்பளி உள்ளுடை.
கால்சட்டை திரும்பிப் போயிற்று.
புத்தகம் வீட்டுக்குப் போயிற்று.
இன்று கடையில் அதிகம் விற்பது
அந்த முக்கால் மீட்டர் பலகைதான்.
தெருப்பக்க ஜன்னலை ஜோடிக்க
நான் கொட்டிய காசை நினைத்தால்!

தானெலி கதை வேறு.
அவன் பெட்டியைத் தூக்கும்போதே தெரிந்துவிட்டது:
அந்த எடை, அந்த மூலை, குலுக்கினாலும் பேசாத அமைதி.
என் மூன்றாம் தட்டில் இருக்கும் அதே புத்தகம்,
ஆறு யூரோ மலிவாக.
அவன் காது சிவந்தது. குளிராகவும் இருக்கலாம்.
கத்தரிக்கோல் கொடுத்தேன். காபி கொடுத்தேன்.
அங்கேயே பிரித்தான், அங்கேயே படித்தான்,
நான் கதவைப் பூட்டும் வரை.
எனக்கு வரவு நாற்பது சென்ட், செலவு ஒரு காபி.
இப்போது செவ்வாய்தோறும் வருகிறான்,
பார்சல் இல்லாமலும்.
எதுவும் வாங்குவதில்லை.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று
கணக்குப் பார்ப்பவரிடம் கேட்க வேண்டும்.

நேற்று கம்பெனியிடமிருந்து கடிதம்.
"பார்சலை ஒப்படைக்க உங்கள் நிலையம் எடுக்கும்
சராசரி நேரம் நான்கு நிமிடம் பதினோரு விநாடி.
வட்டாரச் சராசரி முப்பத்தெட்டு விநாடி.
சரிசெய்துகொள்ளவும்."
கூடவே ஒரு வாடிக்கையாளர் கருத்து:
"ரொம்ப மெதுவான கடை. ஒரு சார்ஜர் வாங்கப் போய்
மூன்று புத்தகத்தோடு வீடு வந்தேன். இரண்டு நட்சத்திரம்."
அதை மட்டும் வெட்டி
திரைக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன்.

சூப்பர் மார்க்கெட்டில் இரும்புப் பெட்டிகள் வரப்போகின்றனவாம்,
எண்ணைத் தட்டினால் தானே திறப்பவை.
அப்போது என்ன செய்வேன், தெரியாது.
அவற்றுக்கும் தேடத் தெரியாது.

கதவு மணி.
யாரோ, கண்ணாடி முழுக்க மூட்டம்.
பெயர் சொல்கிறார்.
பெட்டி மேஜைக்கடியில், என் கால்மேல் சாய்ந்திருக்கிறது.
"இருங்கள், பார்க்கிறேன்" என்று சொல்லி
கிடங்குக்குள் போய்
விளக்கைக்கூடப் போடாமல் நிற்கிறேன்.